அரியரோடு பப்ளிக் பாலிசி படிக்க நான்கு வழிகள்: யாருக்கு எது சரி?

“பி.இ. மெக்கானிக்கல். சிஜிபிஏ 6.4. ஏழு அரியர் இருந்தது, எல்லாம் கிளியர் பண்ணியாச்சு. அப்புறம் ரெண்டு வருஷம் அண்ணா நகரில் தங்கி யுபிஎஸ்சிக்குப் படித்தேன், பிரிலிம்ஸ் தாண்டவில்லை. இப்போது பப்ளிக் பாலிசியில் மாஸ்டர்ஸ் பண்ணலாம் என்று இருக்கிறேன். இந்த வருஷமே வெளிநாட்டுக்கு அப்ளை பண்ணலாமா, வேலைக்குப் போய்விட்டுப் பண்ணலாமா, இல்லை இந்தியாவிலேயே சேர்ந்துவிடலாமா?”

ஊரும் பிரிவும் மாறும், எண்கள் கொஞ்சம் ஏறி இறங்கும். மற்றபடி அரசின் கொள்கைகளையும் திட்டங்களையும் ஆராயும் இந்தப் படிப்பைப் பற்றி என்னிடம் கேட்பவர்களில் பெரும்பாலோரின் கதை இதுதான். அவர்களுக்குக் கிடைக்கிற பதில்களும் இரண்டே ரகம். “எட்டுக்குக் கீழே இருந்தா விட்டுடு” என்று ஒரு சீனியர் சொல்வார். “அரியர் ஒரு பிரச்சினையே இல்லை சார், எஸ்ஓபி (விண்ணப்பக் கட்டுரை) நாங்க பாத்துக்கறோம்” என்று கன்சல்டன்சிக்காரர் சொல்வார். இரண்டையும் நம்பி முடிவெடுக்க முடியாது. ஏனென்றால் உங்கள் மார்க் ஷீட்டை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி படிப்பதில்லை. சில இடங்களில் ஒரு மனிதர் உட்கார்ந்து படிக்கிறார். சில இடங்களில் ஒரு சூத்திரம் படிக்கிறது. இன்னும் சில இடங்களில் வாசலில் மட்டும் பார்த்துவிட்டு, உள்ளே விட்டதும் மறந்துவிடுகிறார்கள். எந்த வழி உங்களுக்குச் சரி என்பது பெரும்பாலும் இந்த வித்தியாசத்தைப் பொறுத்தது.

## எதை வைத்து ஒப்பிடுவது

மார்க்கை யார் படிக்கிறார்கள்? அமெரிக்கப் பாலிசி பள்ளிகளில் பெரும்பாலானவை குறைந்தபட்ச ஜிபிஏ என்று எதையும் அறிவிப்பதில்லை. சேர்க்கைக் குழுவில் ஒருவர் விண்ணப்பத்தை முழுசாகப் படிக்கிறார். பிரிட்டனில் ‘அப்பர் செகண்ட்’ வகுப்புக்கு இணையான பட்டம் கேட்பார்கள். இந்தியப் பட்டத்துக்கு அது எத்தனை சதவீதம் என்று ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஒரு எண் வைத்திருக்கும், பெரும்பாலும் 60-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ.

ஜெர்மனியில் நேரடிக் கணக்கு. உச்ச மதிப்பெண்ணிலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழிப்பார்கள். அதை, உச்சத்துக்கும் குறைந்தபட்சத் தேர்ச்சிக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, 3-ஆல் பெருக்கி, 1 கூட்டுவார்கள். அங்கே 1 என்பது முதல் தரம், 4 என்பது பாஸ் ஆனதன் விளிம்பு. சிஜிபிஏ 6.4, தேர்ச்சிப் புள்ளி 5 என்றால் 3.16 வரும். அண்ணா பல்கலைக்கழகத்தில் 2017 ரெகுலேஷனில் (அந்த வருடப் பாடத்திட்ட விதிகளில்) படித்தவர்களுக்குத் தேர்ச்சிக்கான கடைசி கிரேடே 6 புள்ளி. அதை வைத்துப் போட்டால் 3.7! பல படிப்புகள் 2.5-ஐத் தாண்டினால் கோப்பைத் திறப்பதில்லை. எவ்வளவு உருக்கமாக எஸ்ஓபி எழுதினாலும் இந்தக் கணக்கு மாறாது. ஆகவே ஏழுக்குக் கீழே இருப்பவர்களுக்கு ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகங்களை இந்த ஒப்பீட்டிலிருந்தே எடுத்துவிடுகிறேன்.

எந்தப் பாடத்தில் குறை? எம்பிபி (பப்ளிக் பாலிசி முதுகலை) என்றால் அரசியல் பேசுகிற படிப்பு என்று நினைத்து வருபவர்கள் நிறைய. நல்ல பள்ளிகளில் முதல் வருடம் முழுக்க மைக்ரோ எகனாமிக்ஸ், ஸ்டாட்டிஸ்டிக்ஸ், ரிக்ரஷன் என்றுதான் ஓடும். எனவே படிப்பவர் முதலில் தேடுவது உங்கள் கணக்கு மார்க்கை. தெர்மோடைனமிக்ஸில் இரண்டு முறை போனது அவருக்கு ஒரு பொருட்டில்லை. மூன்றாம் செமஸ்டர் கணிதமான எம்3, நாலாம் செமஸ்டர் ப்ராபபிலிட்டி, நியூமெரிக்கல் மெத்தட்ஸ் இவற்றில் போனது பொருட்டுதான். மொத்த சிஜிபிஏ ஒன்றாகவே இருந்தாலும், முதல் நாலு செமஸ்டரில் ஐந்தரை வாங்கிக் கடைசி நாலில் ஏழரைக்கு ஏறியவரும், ஏழரையில் தொடங்கி ஐந்தரைக்கு இறங்கியவரும் வேறு வேறு விண்ணப்பதாரர்கள். இன்றே மார்க் ஷீட்டை எடுத்து, செமஸ்டர் வாரியாக ஒரு பட்டியலும் கணக்கு சம்பந்தப்பட்ட பாடங்களுக்குத் தனியாக ஒரு பட்டியலும் போட்டுப் பாருங்கள்.

மொத்தச் செலவு. கட்டணத்தோடு, வேலைக்குப் போகாத வருடங்களின் சம்பளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வங்கிக் கல்விக் கடனில் ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் பொதுவாக வீட்டுப் பத்திரமோ நிலப் பத்திரமோ கேட்பார்கள். அது பெரும்பாலும் அப்பா அம்மாவின் ஒரே சொத்தாக இருக்கும்.

படித்து முடித்தால் வேலை எங்கே? கம்ப்யூட்டர் சயின்ஸ் போல எந்த ஊரிலும் செல்லுபடியாகும் படிப்பு இல்லை இது. எந்த அரசோடு வேலை செய்யப் போகிறீர்களோ அந்த அரசுக்குப் பக்கத்தில் படிப்பதற்குத் தனி மதிப்பு உண்டு.

வயது. சில கதவுகள் 25-இல் மூடுகின்றன, சில 30-இல். யுபிஎஸ்சிக்குக் கொடுத்த வருடங்கள் இங்கேதான் கணக்கில் வரும்.

## வழி 1: இந்த வருடமே வெளிநாடு

மனிதர் படிக்கிற இடம் என்பதால் அமெரிக்காவில் வாய்ப்பு இருக்கத்தான் செய்கிறது. இந்திய மதிப்பெண்களை அவர்கள் பத்தால் வகுத்து நாலால் பெருக்குவதும் இல்லை. நம் ஊரில் 60 சதவீதமே முதல் வகுப்பு என்பது மதிப்பீட்டு நிறுவனங்களுக்குத் தெரியும். அதனால் நீங்களாக 6.4-ஐ 2.56 என்று மாற்றி எழுதி உங்கள் காலில் நீங்களே கோடரி போட்டுக்கொள்ள வேண்டாம். விண்ணப்பத்தில் உங்கள் பல்கலைக்கழகம் கொடுத்த அளவிலேயே எழுதுங்கள்.

கணக்கு மார்க் பலவீனம் என்றால் ஜிஆர்இ என்ற பொது நுழைவுத் தேர்வை எழுதுங்கள். பல பள்ளிகள் அதை விருப்பத் தேர்வு ஆக்கிவிட்டன, ஆனால் அந்தச் சலுகை எம்3-இல் போனவருக்கானது இல்லை. அதில் கணக்குக்கான குவாண்ட் பகுதியில் 170-க்கு 165-ஐத் தாண்டிவிட்டால், “இந்த ஆளுக்குக் கணக்கு வராது” என்ற சந்தேகம் பாதி அடங்கும். 2023 செப்டம்பருக்குப் பிறகு தேர்வு இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. மதிப்பெண் ஐந்து வருடம் செல்லும். சரியாக வராத முயற்சியை அனுப்பாமல் விடலாம்.

மறைந்த செலவுகளுக்கு வருவோம். ஆறு இடங்களுக்குப் போட்டால், விண்ணப்பக் கட்டணம், ஜிஆர்இ, ஆங்கிலத் தேர்வு, பல்கலைக்கழகத்தில் டிரான்ஸ்கிரிப்ட் வாங்குவது என்று எல்லாம் சேர்ந்து ஒரு லட்சத்தை நெருங்கிவிடும். அது சின்ன விஷயம். பெரிய விஷயம், இடம் கிடைப்பதும் பணம் கிடைப்பதும் ஒன்றில்லை. குறையுள்ள மார்க் ஷீட்டோடு வருபவருக்கு அடிக்கடி நடப்பது இது: “உங்களுக்கு இடம் உண்டு” என்று மெயில் வரும், உதவித்தொகைப் பத்தி மட்டும் இருக்காது. பெரிய தனியார் பல்கலைக்கழகங்களில் கட்டணமே வருடத்துக்கு அறுபதாயிரம் டாலருக்கு மேல். இரண்டு வருடக் கட்டணமும் சாப்பாடு, வாடகையும் சேர்த்தால் ஒன்றரைக் கோடி ரூபாய்.

அதைத் திருப்பிக் கட்டுகிற வேலை எது என்பதுதான் யாரும் கேட்காத கேள்வி. அங்கே எம்பிபி முடிக்கும் அமெரிக்கர்களில் பலர் போகிற இடம் மத்திய, மாநில, நகர அரசு வேலைகள். மத்திய அரசு வேலைகள் அநேகமாகக் குடிமக்களுக்கு மட்டும். உங்களுக்கு மிச்சம் இருப்பவை ஆலோசனை நிறுவனங்கள், ஆய்வு நிறுவனங்கள், உலக வங்கி போன்ற அமைப்புகள். அவையும் அனுபவம் கேட்கும். படிப்பு ‘ஸ்டெம்’ (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இல்லையென்றால் முடித்தபின் வேலை செய்ய ஒரு வருட அனுமதிதான், பட்டியலில் இருந்தால் கூடுதலாக 24 மாதங்கள். ஒரே பள்ளியில் ஒரு படிப்பு பட்டியலில் இருக்கும், பக்கத்துப் படிப்பு இருக்காது. சேர்க்கைக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன்பு இதைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

பிரிட்டனில் பல படிப்புகள் ஒரே வருடம் என்பதால் செலவு குறையும். சதவீதக் கோட்டுக்கு மேலே இருந்தால் நல்ல வழிதான். கோட்டுக்குக் கீழே என்றால் விண்ணப்பக் கட்டணத்தை மிச்சப்படுத்துங்கள். சிஜிபிஏவைச் சதவீதமாக்கும் விதியை உங்கள் பல்கலைக்கழகமே அச்சிட்ட சான்றிதழாக வாங்கி இணைப்பது முக்கியம். அவர்களாக மாற்றினால் எப்போதும் உங்களுக்குச் சாதகமாக மாற்றுவார்கள் என்று சொல்ல முடியாது. படித்தபின் தங்கி வேலை தேட இப்போது இரண்டு வருடம் தருகிறார்கள். 2027 ஜனவரியிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதமாகக் குறைகிறது.

இந்த வழி யாருக்கு? குறை முதல் இரண்டு வருடங்களில் மட்டும் இருந்து, அதற்குப் பிறகு ஏறுமுகமாக இருப்பவர்களுக்கு. ஏற்கெனவே இரண்டு மூன்று வருடம் ஏதாவது வேலையில் இருந்தவர்களுக்கு. அல்லது உதவித்தொகை இல்லாமல் போனாலும் வீட்டுக்கு ஆபத்து வராத குடும்பத்துக்கு. கல்லூரியிலிருந்து நேராக வருகிற 6.4-க்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எழுதுவதற்கு அவரிடம் இன்னும் எதுவும் இல்லை.

## வழி 2: இரண்டு மூன்று வருடம் வேலை, அப்புறம் விண்ணப்பம்

என் சாய்வு இந்தப் பக்கம் என்பதை ஒளிக்கப் போவதில்லை. மனிதர் படிக்கிற இடங்களில் மார்க்கின் எடையைக் குறைக்கும் ஒரே பொருள் நீங்கள் செய்த வேலைதான். பெரிய பாலிசி பள்ளிகளின் வகுப்புகளில் வேலை அனுபவம் உள்ளவர்களே அதிகம். அந்தக் கூட்டத்தில் 22 வயதில் நுழைவது, மார்க் நன்றாக இருந்தாலுமே கஷ்டம்.

பெரிய உதவித்தொகைகளும் அனுபவத்தைத்தான் கேட்கின்றன. பிரிட்டனின் செவனிங் உதவித்தொகைக்குக் குறைந்தது 2,800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும். அதாவது சுமார் இரண்டு வருடம். முடித்ததும் இரண்டு வருடம் நாடு திரும்பி இருக்க வேண்டும். அமெரிக்காவில் படிப்பதற்கான ஃபுல்பிரைட்-நேருவின் முதுகலை உதவித்தொகைக்கு மூன்று வருட முழுநேர அனுபவம், இளங்கலையில் 55 சதவீதம். அந்த 55-ஐக் கவனியுங்கள். 6.4-காரர் அதற்குள் வந்துவிடுகிறார். வழி 1-இல் ஒன்றரைக் கோடி கேட்ட அதே அமெரிக்கப் படிப்பு, மூன்று வருடம் காத்திருந்தால் கடனில்லாமல் கிடைக்கிற சாத்தியம் இங்கே இருக்கிறது. போட்டி கடுமை என்பது உண்மைதான், ஆனால் மார்க் வாசலிலேயே தடுக்காது.

எந்த வேலை என்பதில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். சென்னையில் ஐடி சப்போர்ட்டில் இரண்டு வருடம் இருந்துவிட்டு “எனக்குக் கொள்கையில் ஆர்வம்” என்று எழுதினால் எடுபடாது. அரசுத் திட்டம் மக்களைத் தொடுகிற இடத்துக்கு அருகில் ஏதாவது வேண்டும். சில கதவுகள்:

தமிழ்நாடு முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் இரண்டு வருடம். அரசுத் துறைகளுக்குள்ளேயே உட்கார்ந்து வேலை செய்யலாம், திருச்சி பாரதிதாசன் மேலாண்மை நிறுவனம் கல்விப் பங்காளி. ஆனால் தொழிற்படிப்புப் பட்டத்தில் முதல் வகுப்பு கேட்டிருக்கிறார்கள், கலை அறிவியல் என்றால் முதுகலையில் முதல் வகுப்பு. 6.4 தாண்டுமா என்பது உங்கள் ரெகுலேஷனில் முதல் வகுப்புக்கு என்ன விதி, எத்தனை வருடத்துக்குள் அரியரை முடித்தீர்கள் என்பதைப் பொறுத்தது. டிகிரி சான்றிதழில் என்ன வகுப்பு அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். அதுதான் பேசும்.

டெல்லியில் பிஆர்எஸ் என்ற சட்டமன்ற ஆய்வு அமைப்பு நடத்தும் லேம்ப் ஃபெலோஷிப்பில் ஒரு நாடாளுமன்ற உறுப்பினரோடு மழைக்காலக் கூட்டத்தொடரிலிருந்து பட்ஜெட் கூட்டத்தொடர் வரை வேலை. எந்தப் பட்டமாக இருந்தாலும் சரி, வயது 25-க்குள். மார்க்கைவிட நீங்கள் எழுதி அனுப்புகிற கட்டுரை முக்கியம். யுபிஎஸ்சிக்கு இரண்டு வருடம் கொடுத்தவர்களில் பலருக்கு இந்தக் கதவு மூடிக்கொண்டிருக்கும், இல்லையென்றால் இதுதான் கடைசி வருடமாக இருக்கும். அப்படியென்றால் மற்றதை எல்லாம் ஒதுக்கிவிட்டு முதலில் இதற்குப் போடுங்கள்.

மூன்றாவது, ஜே-பால் தென்னாசியா போன்ற ஆய்வு அமைப்புகளில் களப்பணி. பகட்டில்லாத வேலை. சர்வே படிவம், தரவுச் சரிபார்ப்பு, மாவட்டம் மாவட்டமாகப் பஸ் பயணம். இரண்டு வருடத்தில் ஸ்டாட்டா அல்லது ஆர் மென்பொருள் கைவந்துவிடும். கணக்கு மார்க் கெட்டுப்போனவருக்கு இதைவிடப் பொருத்தமான மருந்து கிடையாது. பரிந்துரைக் கடிதமும் ஆய்வாளர் ஒருவரிடமிருந்து வரும். “இவர் 4,000 வீடுகளின் தரவைத் தனியாகச் சுத்தம் செய்தார்” என்று அவர் ஒரு வரி எழுதினால், உங்கள் ஹெச்ஓடி எழுதும் “மிகவும் ஒழுக்கமான மாணவர்” அதன் பக்கத்தில் நிற்க முடியாது.

வேலை செய்வதோடு, யோசித்ததும் எழுத்தில் தெரிய வேண்டும். கலைஞர் மகளிர் உரிமைத் தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் 1,000 ரூபாய், 2023 செப்டம்பர் 15-இல் தொடங்கியது. குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் என்றால் ஐந்து ஏக்கருக்குள், வருட மின்நுகர்வு 3,600 யூனிட்டுக்குள் என்று தகுதிகள் வைத்தார்கள். அந்த 3,600 யூனிட் விதி, ஒரே மீட்டரில் இரண்டு குடும்பம் இருக்கிற வீட்டில் என்ன செய்யும்? மின்சாரத்தை வைத்து வசதியை அளப்பது எங்கே சரி, எங்கே தவறு? ஒரு வட்டத்தில் நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்களின் காரணங்களைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் இதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினால், 9.2 சிஜிபிஏவோடு “நல்லாட்சி” பற்றிப் பொதுவாக எழுதியவரைவிட முன்னால் போவார். இந்த ஊரில் பிறந்து, இந்த மொழியில் மனுக்களைப் படிக்கத் தெரிந்தவருக்கு மட்டும் இருக்கிற அனுகூலம் இது. வீணாக்காதீர்கள்.

இதற்கும் விலை உண்டு. ஃபெலோஷிப் உதவித்தொகையில் டெல்லி வாடகை கொடுத்தால் வீட்டுக்கு அனுப்ப மிஞ்சாது. தங்கை கல்யாணம், கடன் தவணை என்று காத்திருக்கும் குடும்பத்தில் இதைச் சொல்லிப் புரியவைப்பது தனிப் பாடு. இன்னொன்று, இரண்டு வருடம் என்று போனவர்கள் நாலாம் வருடமும் அங்கேயே இருப்பார்கள். சம்பளம் கொஞ்சம் ஏறும், விண்ணப்பம் அடுத்த வருடத்துக்குத் தள்ளும். சேரும் அன்றே எந்த வருடம் விண்ணப்பிப்பது என்று குறித்துவிடுங்கள்.

## வழி 3: இந்தியாவிலேயே, நுழைவுத் தேர்வு எழுதி

வாசலில் மட்டும் மார்க்கைப் பார்க்கிற இடங்கள் இவை. பெங்களூரு தேசிய சட்டப் பள்ளியின் இரண்டு வருட எம்பிபிக்கு அவர்களே நடத்தும் என்எல்சாட் தேர்வு. டாடா சமூக அறிவியல் கழகத்துக்கு க்யூட் பிஜி என்ற பொது நுழைவுத் தேர்வு வழியாகப் போக வேண்டும். ஐஐடி பம்பாயிலும் ஐஐடி டெல்லியிலும் பாலிசி முதுகலை இருக்கிறது. அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தில் குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவித்தொகை தருகிறார்கள். பணம்தான் முதல் தடை என்றால் அங்கிருந்து தேடத் தொடங்குங்கள். ஒவ்வொன்றும் பட்டத்தில் ஒரு குறைந்தபட்சச் சதவீதம் கேட்கும். அதைத் தாண்டிவிட்டால் ஏழு அரியரா, பூஜ்யமா என்று யாரும் எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

யுபிஎஸ்சிக்குப் படித்தவர்களுக்கு இங்கே ஒரு சந்தோஷச் செய்தி. அரசமைப்பு, பொருளாதாரம், நடப்பு நிகழ்வு, பக்கம் பக்கமாக விடை எழுதும் பழக்கம் எல்லாம் அப்படியே கைகொடுக்கும். வெளிநாட்டு விண்ணப்பத்தில் ‘இடைவெளி’ என்று விளக்க வேண்டிய அதே இரண்டு வருடம், இங்கே தயாரிப்பு ஆகிவிடுகிறது.

அதைவிட முக்கியமான ஒன்று. இங்கே எம்பிபியில் நல்ல மார்க் எடுத்தால், அதுதான் உங்கள் கடைசிப் பட்டம். பிறகு பிஎச்டிக்கோ ஆய்வு வேலைக்கோ போகும்போது முதலில் பார்ப்பது அதைத்தான், பி.இ. இரண்டாம் பக்கத்துக்குப் போய்விடும். கெட்ட இளங்கலையை நல்ல முதுகலையால் மூடுவது மிகப் பழைய வழி, இன்னும் வேலை செய்கிற வழி.

மறைந்த செலவுகள் இரண்டு. தனியார் பல்கலைக்கழகங்களின் பாலிசி படிப்புகளில் சேர்வது எளிது, கட்டணம் எளிதில்லை. முந்தைய இரண்டு வருட மாணவர்கள் எங்கே வேலைக்குப் போனார்கள் என்று கையேட்டில் பார்க்காமல் அவர்களையே கண்டுபிடித்துக் கேளுங்கள். ஒரு வருடப் படிப்புகளில் சில, பல்கலைக்கழகப் பட்டம் தருவதே இல்லை, சான்றிதழ் மட்டும்தான். பின்னால் பிஎச்டி, நெட் (கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு), அரசு வேலை என்று போகும் எண்ணம் இருந்தால் அது இடிக்கும். இரண்டாவது, இங்கே எம்பிபி முடித்துவிட்டு வெளிநாட்டில் இன்னொரு எம்பிபிக்குப் போட்டால், “ஏன் இன்னொன்று?” என்ற கேள்விக்கு உருப்படியான பதில் வேண்டும். ஆகவே வெளிநாட்டு எம்பிபிதான் கனவு என்றால் இந்த வழியில் ஏறுவதற்கு முன் யோசியுங்கள்.

வேலை தமிழ்நாட்டிலோ டெல்லியிலோதான் என்று முடிவாக இருப்பவருக்கு, வயது 26-ஐத் தாண்டியவருக்கு, குடும்பத்துக்குக் கடன் தாங்காது என்பவருக்கு இதுதான் சரி. அரசுத் துறைகளுக்குள் ஆலோசனை நிறுவனங்கள் நடத்தும் திட்ட மேலாண்மைப் பிரிவுகளில் ஆள் எடுக்கும்போது ஹார்வர்டா பெங்களூருவா என்று பார்ப்பதைவிட, ஒரு அரசாணையைப் படித்து, கலெக்டர் கூட்டத்துக்கு நாலு பக்கக் குறிப்பு தயாரிக்கத் தெரியுமா என்றுதான் பார்ப்பார்கள்.

## வழி 4: கணக்கை மட்டும் சரிசெய்வது

இது தனி வழி இல்லை, மற்ற வழிகளோடு ஒட்டிக்கொள்வது. எம்ஐடியும் ஜே-பாலும் சேர்ந்து நடத்தும் ‘டேட்டா, எகனாமிக்ஸ் அண்ட் டிசைன் ஆஃப் பாலிசி’ மைக்ரோமாஸ்டர்ஸ் என்ற ஆன்லைன் படிப்பு இதற்கு நல்ல உதாரணம். நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ பாடங்கள் அதில் இருக்கின்றன. கட்டணம் உங்கள் வருமானத்தைப் பொறுத்துக் குறையும், தேர்வு கண்காணிப்போடு நடக்கும். இதில் தேறியவர்களிலிருந்து ஆள் எடுத்து 2020-இல் எம்ஐடி தன் முதுகலையின் முதல் அணியைத் தொடங்கியபோது, இளங்கலைப் பட்டத்தைக்கூடக் கட்டாயமாக்கவில்லை.

உள்ளூரில் ஐஐடி மெட்ராஸின் ஆன்லைன் பிஎஸ் டேட்டா சயின்ஸ் இருக்கிறது. அடிப்படை நிலையிலேயே கணக்கும் ஸ்டாட்டிஸ்டிக்ஸும் வரும், நேரில் போய்த் தேர்வு எழுத வேண்டும், அந்த நிலையோடு நிறுத்திக்கொண்டு சான்றிதழும் வாங்கலாம். இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் எம்.ஏ. பொருளாதாரம் மலிவு, வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கலாம், முழுப் பட்டமாகவும் ஆகும்.

பார்த்து முடித்ததற்காகத் தருகிற வீடியோ சான்றிதழ்கள் பத்து வைத்திருந்தாலும் பயனில்லை. மதிப்பெண் இருக்க வேண்டும், யாராவது கண்காணித்த தேர்வாக இருக்க வேண்டும். இங்கேயும் சுமாராக மார்க் வாங்கினால் சந்தேகத்தை நீங்களே உறுதிசெய்தது போல ஆகிவிடும். ஆகவே ஒரே நேரத்தில் நாலு பாடம் எடுக்காதீர்கள், ஒன்றை எடுத்து நன்றாகச் செய்யுங்கள்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | இந்த வருடமே வெளிநாடு | வேலை, பிறகு வெளிநாடு | இந்தியாவில் நுழைவுத் தேர்வு | கணக்குப் பாடங்கள் |
|---|---|---|---|---|
| மார்க்கைப் படிப்பது | அமெரிக்காவில் ஆள். பிரிட்டனில் சதவீதக் கோடு. ஜெர்மனியில் சூத்திரம் | அதே ஆட்கள், ஆனால் வேலையை முதலில் பார்ப்பார்கள் | வாசலில் மட்டும் | புது மார்க் வருகிறது |
| பணம் | அமெரிக்கா என்றால் ஒன்றரைக் கோடி வரை | உதவித்தொகை வாய்ப்பு அதிகம் | அரசு நிறுவனங்களில் தாங்கும். தனியாரில் பார்த்துச் சேரவும் | குறைவு |
| காலம் | உடனே | 2–3 வருடம் | ஒரு தேர்வுப் பருவம் | 6 மாதம் முதல் 2 வருடம் |
| மறைந்த செலவு | உதவித்தொகை இல்லாத இடம். குடிமக்களுக்கு மட்டுமான வேலைகள் | குறைந்த வருமானம். தள்ளிப்போடுதல் | பட்டம் இல்லாத படிப்புகள். இரண்டாவது எம்பிபிக்கு விளக்கம் | சுமாரான மார்க் பாதகமாகும் |
| யாருக்கு | ஏறுமுக மார்க், ஏற்கெனவே அனுபவம் | 25-க்குள், களத்தில் இறங்கத் தயார் | யுபிஎஸ்சி தயாரிப்பு, 26-க்கு மேல், உள்ளூர் வேலை | எம்3, ப்ராபபிலிட்டியில் போனவர்கள் |

## அரியரை எழுத்தில் எப்படிச் சொல்வது

வழி 1, வழி 2 இரண்டிலும் இது வரும். பெரும்பாலான விண்ணப்பங்களில் கூடுதல் விளக்கத்துக்கு ஒரு பெட்டி இருக்கும். அரியரை அங்கே எழுதுங்கள், முதன்மைக் கட்டுரையில் வேண்டாம். வருகிற வரைவுகளில் நான் அடிக்கடி பார்ப்பது இந்த மாதிரி:

“எங்கள் குடும்பம் மிகவும் ஏழ்மையானது. தமிழ் வழியில் படித்து வந்ததால் ஆங்கிலம் புரியவில்லை. விடுதியில் உடல்நலம் கெட்டது. எங்கள் பல்கலைக்கழகத்தில் மதிப்பெண் போடுவது மிகவும் கண்டிப்பு. இருந்தும் மனம் தளராமல்…”

எல்லாமே உண்மையாக இருக்கலாம். ஆனால் நாலு காரணம் சொன்னால் படிப்பவர் ஒன்றையும் நம்ப மாட்டார். இதே ஆள் இப்படி எழுதலாம்:

“பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தேன். முதல் மூன்று செமஸ்டரில் ஏழு பாடங்களில் தோற்றேன், அதில் இரண்டு கணிதம். ஐந்தாம் செமஸ்டருக்குள் எல்லாவற்றையும் முடித்தேன். கடைசி மூன்று செமஸ்டரின் சராசரி 7.6. கணிதத்தில் என் நிலையைக் காட்ட ஜிஆர்இ மதிப்பெண்ணையும், கடந்த ஆண்டு முடித்த புள்ளியியல் பாடத்தின் மதிப்பெண்ணையும் இணைத்திருக்கிறேன்.”

ஒரு காரணம், ஒரு எண், ஒரு ஆதாரம். மன்னிப்பும் இல்லை, புலம்பலும் இல்லை. யுபிஎஸ்சி இடைவெளிக்கும் இதே அளவு போதும்: எத்தனை முறை எழுதினீர்கள், எதைப் படித்தீர்கள், ஏன் நிறுத்தினீர்கள். வெட்கப்பட்டு அந்த இரண்டு வருடத்தை “சுயதொழில்” என்று மாற்றி எழுதுபவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம்.

2020-ஐ ஒட்டிப் படித்தவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. அந்த ஆகஸ்டில் அரியர் எழுதக் கட்டணம் கட்டியவர்கள் எல்லாம் பாஸ் என்று அரசு அறிவித்ததும், பேனர் வைத்துக் கொண்டாடியதும், விவகாரம் நீதிமன்றம் வரை போனதும் நமக்கு நினைவிருக்கும். பாஸ்டனில் உட்கார்ந்து உங்கள் கோப்பைப் படிப்பவருக்கு அதில் ஒரு எழுத்தும் தெரியாது. தேர்ச்சி பெற்ற மாதமும் வருடமும் குழப்பமாக இருந்தால், அந்தப் பருவத்தில் தேர்வுகள் தள்ளிப்போயின என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நகருங்கள்.

மறைக்கவே கூடாது. டிரான்ஸ்கிரிப்ட் பல இடங்களில் பல்கலைக்கழகத்திலிருந்தே நேராகப் போகும், சில நாடுகள் அரியர் சான்றிதழ் என்றே தனியாகக் கேட்கும். “அந்த ரெண்டு ஷீட்டை வைக்காம விட்டுடலாம்” என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும், அன்றோடு அவரிடம் போவதை நிறுத்துங்கள். சேர்ந்த பிறகு கண்டுபிடித்தாலும் வெளியே அனுப்புவார்கள், விசாவும் கூடவே போகும்.

பரிந்துரைக் கடிதங்களை இப்போதே யோசியுங்கள். மூன்று பேர் வேண்டியிருக்கும். அதில் ஒருவராவது உங்கள் கணக்கைப் பற்றியோ தரவு வேலையைப் பற்றியோ நேரில் பார்த்ததை எழுதக்கூடியவராக இருக்க வேண்டும். அப்படி ஒருவர் இன்றைக்கு இல்லையென்றால், வழி 1 உங்களுக்கு இந்த வருடம் இல்லை. அமெரிக்கப் பள்ளிகளின் கடைசித் தேதிகள் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் வரும். செவனிங் ஆகஸ்டில் திறந்து அக்டோபர் தொடக்கத்தில் மூடும். லேம்ப் விண்ணப்பமும் ஏறக்குறைய அமெரிக்க விண்ணப்பங்களின் காலத்திலேயே வருகிறது. இந்த நவம்பரில் கையில் ஜிஆர்இயும் இல்லை, கடிதம் எழுத ஆளும் இல்லை, வயது 24 என்றால், ஆறு கல்லூரிக்கு வைத்திருக்கும் அந்த ஒரு லட்சத்தைத் தொடாமல், லேம்ப் கட்டுரையை எழுத உட்காருங்கள்.